நான்கு பென்ஸ் படுக்கை: இங்கிலாந்தின் சந்தை நகரங்களில் இருந்த மலிவு விடுதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், வேலை தேடி நாளெல்லாம் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் இங்கிலாந்தின் சந்தை நகரம் ஒன்றுக்குள் நுழையும் கூலியாளுக்கு இரவைக் கழிக்க இருந்த வழிகள் மிகச் சில. வைக்கோற்போரிலோ மாட்டுக் கொட்டகையிலோ படுத்தால், 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டப்படி அது குற்றம்; பிழைப்புக்கு வழி இருப்பதாகக் காட்டவும் தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தரவும் முடியாதவரைச் சிறைக்கு அனுப்பலாம். ஏழைகளுக்காக வரிப்பணத்தில் நடத்தப்பட்ட ஒர்க்ஹவுஸின் கதவைத் தட்டினால் காசு கேட்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக அவருடைய பொழுதை எடுத்துக்கொள்வார்கள். எஞ்சியது, சந்தைத் தெருவின் பின்புறச் சந்துக்குள் இருந்த மலிவு விடுதி. அங்கே மூன்று அல்லது நான்கு பென்ஸ் கொடுத்தால் ஒரு படுக்கையும், அணையாமல் எரியும் ஓர் அடுப்பும், விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகிற சுதந்திரமும் கிடைத்தன.

இந்த விடுதிகளைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் படுக்கையிலிருந்த பூச்சிகளையும் அடுப்படியிலிருந்த கூட்டத்தையும் பற்றித்தான் எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் பொய் அதிகமில்லை. ஆனால் கிளம்பிப் போகிற அந்தச் சுதந்திரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இலவசமாக ஒரு கூரை இருந்த அதே ஊரில் காசு கொடுத்து அழுக்குப் படுக்கையில் படுக்க ஆட்கள் ஏன் வந்தார்கள் என்பது விளங்காது.

தமிழில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே அறை எடுத்துத் தங்கும் இடம். அந்த அறைக்குக் கதவும் உண்டு, பூட்டும் உண்டு. இங்கிலாந்தின் சட்டம் ‘காமன் லாட்ஜிங் ஹவுஸ்’ என்று பெயரிட்ட இடத்தில் வாடகைக்கு விடப்பட்டது அறை அல்ல, படுக்கை. சில வீடுகளில் படுக்கையில் பாதி. 1851-இல் இவற்றை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, எது இத்தகைய விடுதி என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. 1853-இல் அரசின் சட்ட ஆலோசகர்கள் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு விளக்கம் தந்தார்கள். ஏழை வகுப்பினர், ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், ஒரே பொது அறையில் குறுகிய காலம் தங்க அனுமதிக்கப்படும் வீடே அது என்றார்கள். பயணியர் விடுதிகளும் மதுக்கடைகளும் மேல்தட்டு, நடுத்தர வகுப்பினருக்கு வாடகைக்கு விடப்படும் அறைகளும் இதில் அடங்கா என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டடத்தின் அளவும் கட்டில்களின் எண்ணிக்கையும் வாடகையும் இந்த விளக்கத்தில் இல்லை. யார் தங்குகிறார், பக்கத்தில் படுப்பவரை அவருக்குத் தெரியுமா என்ற இரண்டை வைத்தே ஒரு கட்டடம் வகைப்படுத்தப்பட்டது. குதிரைப் பந்தயக் காலத்தில் முன்பின் தெரியாத இரண்டு கனவான்கள் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டால் அந்த வீட்டுக்குள் ஆய்வாளர் நுழைய முடியாது. இரண்டு அறுவடைக் கூலிகள் பகிர்ந்துகொண்டால் எந்த நேரமும் நுழையலாம்.

இந்தக் கூலிகள் எங்கிருந்து வந்தார்கள்? சந்தை நகரத்தின் அன்றாட வாழ்க்கையே அவர்களைச் சுற்றித்தான் ஓடியது என்றாலும் மிகையில்லை. ரயில் வருவதற்கு முன்பும், வந்த பிறகு வெகுகாலத்துக்கும், இங்கிலாந்தின் வேலைகளில் கணிசமான பகுதி பருவத்துக்குப் பருவம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. கோடையில் தீவனப் புல் வெட்டு, அதன் பின் கதிரறுப்பு, செப்டம்பரில் கென்ட், ஹெரிஃபோர்டுஷயர் பகுதிகளில் பீருக்கான ஹாப்ஸ் பறிப்பு, இடையிடையே கால்வாய், ரயில்பாதை, நீர்த்தேக்கம் வெட்டும் மண் வேலை என்று ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். அயர்லாந்திலிருந்து ஆண்டுதோறும் அறுவடைக்குக் கடல் கடந்து வந்தவர்களோடு, 1845-க்குப் பிந்தைய பஞ்ச ஆண்டுகளில் திரும்பிப் போக ஊரே இல்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாணை பிடிப்பவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், குடை பழுது பார்ப்பவர், ஊசி நூல் சரிகை கூவி விற்பவர், கைப்பெட்டி வாத்தியம் சுழற்றும் இத்தாலியர் ஆகியோரின் பிழைப்பும் ஊர் ஊராகப் போனால்தான் நடந்தது. அவர்கள் தங்களை ‘டிராவலர்’ என்று சொல்லிக்கொண்டார்கள்; விடுதி வாசல்களிலும் பயணிகளுக்குப் படுக்கை உண்டு என்றே எழுதியிருந்தது. அவர்களை நாடோடி என்று எழுதியவை அரசாங்கத் தாள்கள்தாம். ஊர்க்காரருக்கு அவர்கள் வேண்டும். அறுவடை நாளில் அவர்கள் வராவிட்டால் கதிர் வயலிலேயே உதிரும். அவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதை மட்டும் யாரும் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அந்த இடைவெளியை நிரப்பியது சிறு வியாபாரம். பெருநகரங்களில் ஒரு தெருவையே விடுதிகளாக்கி நடத்திய முதலாளிகள் இருந்தார்கள். சிறுநகரத்தில் விடுதி என்பது பெரும்பாலும் நான்கைந்து அறைகள் கொண்ட பழைய வீடு. இல்லாவிட்டால், ரயில் வந்ததும் கோச்சு வண்டிப் போக்குவரத்து படுத்துவிட, வருமானம் போய்ப் பாழடைந்த பழைய பயணியர் விடுதி. அதை நடத்தியவர் ஒரு கைம்பெண்ணாகவோ, முன்பு தாமே அலைந்து பிழைத்து ஓரிடத்தில் நிலைத்துவிட்டவராகவோ இருப்பது சாதாரணம். அவர் குடும்பமும் அதே கூரையின் கீழ்தான் வாழ்ந்தது. விடுதி கொஞ்சம் பெரிதானால் ‘டெபுடி’ என்றழைக்கப்பட்ட ஒரு காரியக்காரர் இருப்பார். மாலையில் காசு வாங்குவது, குடித்துவிட்டுச் சண்டை போடுபவரை வெளியேற்றுவது, படுக்கையறைக்கு மெழுகுவர்த்தியோடு அழைத்துச் செல்வது எல்லாம் அவர் வேலை.

வீட்டின் உயிர்நிலை அடுப்படி. கீழ்த்தளத்தில் நீள மேசை, இருபுறமும் பலகைகள், சுவரோரம் இரவும் பகலும் எரியும் நிலக்கரி அடுப்பு. வாணலியும் தேநீர்ப் பானையும் பொது. இரண்டு பென்ஸுக்குள் வாங்கிய உப்பு மீனையோ பன்றி இறைச்சித் துண்டையோ அவரவர் முறை வைத்து வறுத்துக்கொள்ள வேண்டும். நனைந்த காலுறைகளும் சட்டைகளும் அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயும். ஒரு தடவைக்கு மட்டும் போதுமான தேயிலையும் சர்க்கரையும் காகிதத்தில் மடித்து அரை பென்னிக்கு விற்பது விடுதிக்காரரின் துணை வருமானம். அடுத்த ஊரில் எந்தப் பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பாதையில் போலீஸ்காரர் கெடுபிடி செய்கிறார், எந்த ஒர்க்ஹவுஸில் ரொட்டி கெட்டுக் கிடக்கிறது என்ற செய்திகளெல்லாம் இந்த மேசையில்தான் கைமாறின. பட்டியலோ பலகையோ இல்லாத அந்தக் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வேலையையும் சேர்த்துச் செய்தது அடுப்படிதான் என்பது என் எண்ணம். ஆய்வாளர்களின் அறிக்கைகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த அறிக்கைகள் எழுதப்பட்டதற்குக் காரணம் வேறு. 1839-இல் காவல்துறை அமைப்பைப் பற்றி வந்த அரச ஆணைய அறிக்கை இந்த வீடுகளைத் திருடர்கள் கூடுமிடம் என்று வருணித்தது. 1842-இல் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக், உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய தம் புகழ்பெற்ற அறிக்கையில், நோயையும் ஒழுக்கக்கேட்டையும் பரப்பும் வழிகளாகவே இவற்றை நடத்தினார். 1847-இல் அயர்லாந்துப் பஞ்சத்தோடு டைஃபஸ் காய்ச்சல் வந்தது. 1848-49-இல் காலரா வந்தது. டீஸ் ஆற்றங்கரையில் கம்பள ஆலைகளை நம்பியிருந்த பார்னார்டு காசில் என்ற சந்தை நகரத்தில் அப்போது நாலாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1849-இன் காலராவில் மட்டும் 143 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் புனித மேரி ஆலயத்தின் இடுகாட்டில் இருக்கிறது. 1848-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தாலோ, ஆண்டு இறப்பு ஆயிரத்துக்கு 23-ஐத் தாண்டினாலோ, லண்டனிலிருந்து ஓர் ஆய்வாளர் ஊருக்கு வந்து விசாரணை நடத்தலாம். அப்படித்தான் 1850-இல் யார்க்‌ஷயரின் ஹாவொர்த்துக்கு பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் வந்தார். அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 25.8 என்றும், பிறந்தவர்களில் 41.6 சதவீதத்தினர் ஆறு வயதை எட்டுவதில்லை என்றும் கணக்கிட்டார். ஹாவொர்த்தின் அவலத்துக்கு விடுதிகள் காரணமல்ல. கழிவுநீரும் நெரிசலான இடுகாடும் கெட்ட குடிநீரும்தான் காரணம். ஆனால் இத்தகைய விசாரணை நடந்த ஊர்களில் கூலிகள் தங்கும் வீடுகளும் பார்வைக்கு வந்தன. கட்டிலுக்கு எத்தனை பேர், சன்னல் திறக்குமா, கழிப்பிடம் எங்கே என்பதெல்லாம் முதல்முறையாகத் தாளில் ஏறின.

1851-ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஆஷ்லி பிரபு. மசோதா பாதி வழியில் இருக்கும்போது, ஜூன் மாதத்தில், அவருடைய தந்தை இறந்துவிட்டார். ஷாஃப்ட்ஸ்பரி கோமகன் பட்டம் அவருக்கு வந்துசேர, மக்களவையை விட்டுப் பிரபுக்கள் அவைக்கு மாறி அங்கிருந்து அதை நிறைவேற்றினார். 1853-இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. பின்னர் 1875-இன் பெரிய பொதுச் சுகாதாரச் சட்டம் இவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, லண்டனுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அடிப்படையாக இருந்தது.

அந்தச் சட்டத்தின் விதிகளை வரிசையாகப் படித்தால், சிறுநகர அதிகாரிகளின் மனத்தில் என்ன இருந்தது என்பது தெரியும். விடுதியைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப்பட்ட பொது விடுதி என்ற பலகையை வெளியே கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். நடத்துபவர் நல்லவர்தான் என்று, ஆண்டுக்கு ஆறு பவுண்டுக்குக் குறையாத மதிப்புள்ள சொத்துக்கு ஏழை நிவாரண வரி கட்டும் மூன்று உள்ளூர்க்காரர்களிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லலாம். ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில் சுவர்களுக்கும் கூரைக்கும் வெள்ளையடிக்க வேண்டும். காய்ச்சல் கண்டவர் இருந்தால் உடனே மருத்துவ அதிகாரிக்கும் நிவாரண அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். பிச்சைக்காரர்களும் நாடோடிகளும் வந்து தங்கினால் அவர்களைப் பற்றி நகர சபை கேட்கும்போது அறிக்கை தர வேண்டும். ஆய்வாளர் எப்போது வந்தாலும் உள்ளே விட வேண்டும். மூன்றாவது முறை தண்டிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகள் வரை தொழிலே செய்ய முடியாமல் போகலாம். இவற்றில் பாதி சுகாதாரம், பாதி வேவு. சிறுநகரத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவும் முடியாது. பல ஊர்களில் விடுதி ஆய்வாளராக நியமிக்கப்பட்டவரே போலீஸ் அதிகாரி. ஒர்க்ஹவுஸில் நாடோடிகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பவரும் அவரே. நள்ளிரவில் விளக்கோடு ஏறி வந்து தலைகளை எண்ணுபவர், கட்டிலில் இடம் போதுமா என்று பார்த்தாரா, தேடப்படுபவர் யாராவது படுத்திருக்கிறாரா என்று பார்த்தாரா என்பது கட்டிலில் கிடப்பவருக்கு எப்படித் தெரியும்?

தலைக்கு இவ்வளவு காற்று என்பதுதான் எண்ணுவதற்கான அளவுகோல். ஊர்களின் துணை விதிகளில் பரவலாகப் பின்பற்றப்பட்ட அளவு ஒருவருக்கு 300 கன அடி. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள ஓர் அறை 960 கன அடி. அதில் மூன்று பேர் படுக்கலாம், நான்காவது ஆள் சட்டவிரோதம். பதிவேட்டில் ஒவ்வோர் அறைக்கும் எதிரே அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எழுதப்பட்டது. சந்தை நாளிலும் அறுவடைக் காலத்திலும் விடுதிக்காரருக்கு லாபம் தருபவர் அந்த நான்காவது ஆள்தான். வழக்குகளில் பெரும்பான்மை அவரைப் பற்றியதாகவே இருந்ததில் வியப்பில்லை.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு விநோதம் புலப்படும். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று சாட்விக்கும் அவர் தலைமுறையினரும் உறுதியாக நம்பினார்கள். அதனால்தான் கன அடி, அதனால்தான் சன்னல், அதனால்தான் சுண்ணாம்பு. காலரா குடிநீரால் பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்நோ 1849-இலேயே எழுதியிருந்தும் அதை ஏற்க நெடுநாள் ஆயிற்று. விடுதிகளை உண்மையிலேயே தாக்கிய டைஃபஸ் பேன்களால் பரவுகிறது என்பதை 1909-இல்தான் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிகோல் நிறுவினார். பேன் இருந்தது காற்றில் அல்ல, போர்வையின் மடிப்பிலும் சட்டையின் தையலிலும். வெள்ளையடித்த சுவர் அதை ஒன்றும் செய்யாது. ஏழைகள் வெறுத்த ஒர்க்ஹவுஸில் வந்தவரைக் குளிக்க வைத்து, உடைகளைச் சூட்டறையில் வைத்து வாட்டி எடுத்தார்கள். அவமானமாகக் கருதப்பட்ட அந்தச் சடங்கு, நோயைத் தடுப்பதில் விடுதிச் சட்டத்தின் கன அடிக் கணக்கைவிட அதிகம் பயன்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் மக்கள் விடுதிக்கே போனார்கள்.

அதற்கான விடை ஒர்க்ஹவுஸின் நேர அட்டவணையில் இருக்கிறது. 1834-இன் புதிய ஏழையர் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் ஏழை நிவாரணத்தை நடத்தும் சுமார் 600 ஒன்றியங்களாகப் பிரிக்கப்பட்டன. கிராமப்புறங்களில் அவை பெரும்பாலும் சந்தை நகரங்களை மையமாகக் கொண்டிருந்தன. ஆகவே விடுதி இருந்த ஊரில் ஒர்க்ஹவுஸும் இருந்தது. அங்கே ஓரிரவு தங்குவோருக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு. ‘ஸ்பைக்’ என்பது அதற்கு வழிப்போக்கர்கள் வைத்த பெயர். 1842 முதலே தங்கியவரிடம் காலையில் வேலை வாங்கலாம் என்று இருந்தது. 1871-இன் சட்டம், பகல் 11 மணிக்கு முன் யாரும் வெளியேற உரிமையில்லை என்றது. கூலிக்கு ஆள் எடுக்கும் நேரம் விடியற்காலை. 11 மணிக்கு வெளியே வருபவருக்கு அன்றைய வேலை போயிற்று. 1882-இன் சட்டம் இன்னும் கடுமையானது: வந்து சேர்ந்த நாளுக்கு இரண்டாம் நாள் காலை 9 மணி வரை இருக்க வேண்டும், அதே ஒன்றியத்துக்கு அதே மாதத்தில் மறுபடி வந்தால் நான்காம் நாள் வரை. இடையிலுள்ள முழுப் பகலும் கல் உடைப்பது, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்குவது போன்ற வேலைக்கு உரியது. 1906-இல் கில்ஃபோர்டில் கட்டப்பட்ட ஸ்பைக் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் கல்லுடைக்கும் அறையின் சுவரில் இரும்புச் சட்டகம் ஒன்று இருக்கிறது; அந்தத் துளைகள் வழியாக வெளியே விழுகிற அளவுக்குச் சிறிதாகக் கல்லை உடைத்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். வேலை தேடிப் போகிறவர்களை அதிகாலையில் விட்டுவிடலாம் என்று பின்னர் சலுகை வந்தது. அது எல்லா ஊரிலும் ஒரேபோல் நடக்கவில்லை.

இப்போது காசுக் கணக்கைப் பார்க்கலாம். 1850-51-இல் வேளாண்மை பற்றி எழுதிய ஜேம்ஸ் கேர்ட் நாடெங்கும் சுற்றித் திரட்டிய தகவலின்படி தென்மாவட்டங்களில் விவசாயக் கூலி வாரத்துக்கு 8 ஷில்லிங் 5 பென்ஸ், அதாவது ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் வீதம் 101 பென்ஸ். ஆறு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 பென்ஸ். விடுதிக்குக் கொடுத்த நான்கு பென்ஸ் அதில் கால் பங்கு. சாப்பாட்டுக்குப் போக மிச்சமே இராது. ஆனால் அதைக் கொடுக்காமல் ஸ்பைக்குக்குப் போனால் முழு 17 பென்ஸும் போய்விடும். 1882-க்குப் பிறகு கூலி உயர்ந்திருந்தது, இழப்பும் கூடியது. அலைந்து திரிபவர்களை ஒடுக்கச் செய்த சட்டம் ஒவ்வொன்றும் அவர்களில் உழைக்க முடிந்தவர்களை மலிவு விடுதியின் பக்கம் தள்ளியது. விடுதிகளில் கூட்டம் என்று குறைப்பட்ட அதே நகரசபை உறுப்பினர்கள் ஒர்க்ஹவுஸை நடத்திய, ஒன்றியத்தின் ஏழையர் காப்பாளர் குழுவிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

நகரசபையே நல்ல விடுதியைக் கட்டியிருக்கலாமே என்றால், அதற்கும் சட்டம் இருந்தது. 1851-இல் ஷாஃப்ட்ஸ்பரி கொண்டுவந்த இன்னொரு சட்டம், உழைக்கும் மக்களுக்கான விடுதிகளை உள்ளூர் வரியில் கட்ட அனுமதித்தது. அதைப் பயன்படுத்திய ஊர் என்று வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சுட்டுவது ஹடர்ஸ்ஃபீல்டு ஒன்றைத்தான். அதுவும் ஆலைகள் நிறைந்த பெரிய ஊர். வாக்குரிமை இல்லாத, நாளை வேறு ஊரில் இருக்கப்போகிற ஆட்களுக்காகக் கடைக்காரர்கள் தம் வரியை உயர்த்திக்கொள்ள மனம் வைக்கவில்லை. பெருநகரங்களில் இந்த இடத்தைக் கொடையாளர்கள் நிரப்பினார்கள். பிரதமர் டிஸ்ரேலியின் அந்தரங்கச் செயலராக இருந்த ரௌட்டன் பிரபு, தம் சொந்தப் பணம் 30,000 பவுண்டைப் போட்டு 1892-இல் லண்டன் வாக்ஸாலில் ஒரு மாபெரும் விடுதியைத் திறந்தார். ஆறு பென்ஸுக்குத் தனித் தடுப்பறையும் சுத்தமான விரிப்பும் குளியலும் தந்து, ஐந்து சதவீதம் அளவுக்கு லாபமும் காட்ட முடியும் என்பது அவர் திட்டம். நூற்றுக்கணக்கான கட்டில்கள் இரவுதோறும் நிரம்பினால்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். அறுவடைக்கு நாற்பது பேரும் ஜனவரியில் நான்கு பேரும் வருகிற சந்தை நகரத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? அங்கே முன்மாதிரி விடுதி என்று பொருள்படும் ‘மாடல்’ என்ற பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. வடக்கு இங்கிலாந்தில் எந்த ஓட்டை விடுதியையும் மாடல் என்று சொல்லும் வழக்கம் நெடுநாள் நிலைத்தது.

பெண்களின் நிலை இதனினும் மோசம். துணை விதிகள் ஆண் பெண் தங்குமிடங்களைப் பிரிக்கச் சொன்னன. மூன்று அறை உள்ள வீட்டில் தனித்து வரும் ஒரே ஒரு பெண்ணுக்காக ஓர் அறையை ஒதுக்கினால் நட்டம். எனவே பல சிறு விடுதிகள் ஆண்களையும், கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களையும் மட்டும் ஏற்றன. இதை நேரில் அறியப் புறப்பட்டவர் மேரி ஹிக்ஸ். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பட்டத் தேர்வு எழுதிய முதல் பெண்ணான அவர், ஓல்டம் நகரத்தில் ஒரு போதகரின் மனைவி. 1903-இல் அவரும் இன்னொரு பெண்ணும் கிழிந்த உடை உடுத்தி, ஐந்து பகலும் ஐந்து இரவும் விடுதிகளிலும் ஒர்க்ஹவுஸ்களிலும் தங்கினார்கள். தங்க இடமில்லாத பெண் ஓரிரவு படுக்கைக்காக ஓர் ஆணோடு சேர்ந்துகொள்ள நேர்கிறது, ஒழுக்கம் கெட்டு விடுதிக்கு வருவதில்லை, விடுதி இல்லாததால் கெடுக்கப்படுகிறாள் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். 1909-இல் பெண்களுக்கான விடுதிகளை ஏற்படுத்தத் தேசிய அளவில் ஒரு சங்கம் உருவாவதற்கு அவருடைய முயற்சி முக்கியக் காரணம்.

ஹிக்ஸ் வேடமிட்டுப் போனவர்; ஐந்து நாளில் வீடு திரும்பிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். வேடமில்லாமல் உள்ளே வாழ்ந்து எழுதியவர்கள் மிக அரிது. அவர்களில் ஒருவர் வேல்ஸைச் சேர்ந்த கவிஞர் டபிள்யூ. எச். டேவிஸ். கனடாவில் ஓடும் ரயிலில் ஏறப்போய் ஒரு காலை இழந்து திரும்பிய அவர், பாட்டி விட்டுச்சென்ற சிறு வாரத் தொகையை நம்பி லண்டன் விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். முதல் கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் அச்சிடுவதற்காக அந்தத் தொகையைச் சேமிக்க வேண்டியிருந்தது; அதற்காக மரக்காலோடு சிறுநகரங்கள் வழியாகச் சரக்கு விற்றும் இரந்தும் நடந்தார். மலிவு விடுதியை அவர் நரகமாகவும் எழுதவில்லை, அழகுபடுத்தியும் எழுதவில்லை. அங்கே யார் நல்ல மனிதர், யார் குறட்டை விடுபவர், யார் அடுத்தவர் தேநீரைக் குடிப்பவர் என்பவைதான் அவர் கண்ணில் பட்டன.

ஆட்களின் வகை மாறத் தொடங்கியது 1909-ஆம் ஆண்டில். அந்த ஜனவரி முதல் நாளிலிருந்து எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் முதியோர் ஓய்வூதியம் கிடைத்தது. நான்கு பென்ஸ் வீதம் ஏழு இரவுக்கு 28 பென்ஸ், அதாவது 2 ஷில்லிங் 4 பென்ஸ். ஓய்வூதியத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒர்க்ஹவுஸில் சாக விரும்பாத முதியவர் ஒருவர், மீதிப் பணத்தில் ரொட்டியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு, விடுதி அடுப்பின் அருகே தமக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொள்ள முடிந்தது. இதே காலத்தில் அறுவடை இயந்திரங்கள் வயலுக்கு வந்துவிட்டன, கூவி விற்றவர்களின் சரக்கு கடைகளுக்குப் போய்விட்டது, 1920-களில் பேருந்துகள் வந்தபின் வேலைக்கு வந்தவர் மாலையில் வீடு திரும்பலாம் என்றாயிற்று. வழிப்போக்கர்களுக்காகப் பிறந்த விடுதி, வயதான தனியாட்கள் ஆண்டுக்கணக்கில் வாழும் வீடாக மெல்ல மாறியது. சட்டமோ அவர்களை இன்னமும் ஒருவரையொருவர் அறியாத அந்நியர்கள் என்றே கருதி, பழைய வெள்ளையடிப்பு விதியின்படியே நடத்தியது.

முடிவு சத்தமில்லாமல் வந்தது. 1930-இல் ஏழையர் ஒன்றியங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் கடமைகள் மாவட்ட நிர்வாகங்களுக்குப் போயின. அதே ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சேரிகளை இடிக்க நகரசபைகளுக்கு நிதியும் அதிகாரமும் தந்தது. சந்தைத் தெருவின் பின்புறச் சந்துகள்தாம் முதல் பட்டியலில் இடம்பெற்றன. 1948-இன் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தை ஒழித்தபோது ஸ்பைக்குகள் பெரும்பாலும் மூடப்பட்டன. முதியோருக்கு வேறு இல்லங்கள் வந்தன. கடைசி விடுதிக்காரர் இறந்ததும் வீடு கைமாறும், அல்லது இடிந்து வண்டி நிறுத்துமிடமாகும்.

ஒர்க்ஹவுஸ்கள் உறுதியாகக் கட்டப்பட்ட அரசாங்கச் சொத்து. அதனால் அவற்றில் சில தப்பின. யார்க்‌ஷயரின் ரிப்பன் நகரில் நாடோடிகளின் அறைகளை இன்று சீட்டு வாங்கிப் பார்க்கலாம். விடுதிகளுக்கு அப்படி ஒன்றும் எஞ்சவில்லை. மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பதிவேடுகள் இருக்கின்றன; அவற்றில் நடத்துபவரின் பெயர், அறைகளின் அளவு, அனுமதித்த எண்ணிக்கை, வெள்ளையடித்த தேதி எல்லாம் உண்டு, தங்கியவர் பெயர் கிடையாது. தங்கியவர்கள் பெயரோடு தென்படுவது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்தான். 1851-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி இரவுக் கணக்கில் இத்தகைய வீடொன்றின் பக்கத்தைத் திறந்தால், குடும்பத்தலைவர், மனைவி, பிள்ளைகள் என்ற வரிசைக்குக் கீழே ‘லாட்ஜர்’ என்ற ஒரே சொல் வரிக்கு வரி இறங்கும். வயதும் தொழிலும் எழுதியிருக்கும். பிறந்த ஊருக்கான கட்டத்தில் அயர்லாந்து என்று சில இடங்களில் இருக்கும். மற்ற பலவற்றில், தெரியவில்லை என்பதற்குக் கணக்கெடுப்பாளர் போட்ட ‘என்.கே.’ என்ற இரண்டெழுத்து மட்டும் இருக்கும்.